குழாயடியில் மிஞ்சிய களிமண்

மச்சான்,

இன்று காலையும் சோதனைக்குழாயில் நீலம் ஏறியது. களிமண்ணைவிட்டுப் பொஸ்பரஸ் கழன்று வந்துவிட்டது என்பதற்கு அந்த நிறம்தானே சாட்சி. கண்டதும் உன் குரல் கேட்டது: "ஆ, வந்திட்டான்டா!" ஆய்வுகூடத்தில் தனியே நின்று அழுதேன். இந்த வயதில் வெட்கமாகத்தான் இருந்தது.

வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வயல்வட்டைகளில் உரம் போட்டும் நெற்பயிர் ஏன் குறண்டிப்போகிறது என்று பார்க்கத்தானே இருவரும் அந்த வேலையைத் தொடங்கினோம். ஒரே மண்ணை ஒவ்வொரு கரைசலாக மாற்றி மாற்றிக் கழுவுவோம். மெல்லிய உப்புக் கரைசலுக்கே வருகிற பொஸ்பரசுக்கு நீ 'கூப்பிட்டா வாறவன்' என்று பெயர் வைத்தாய். இரும்போடு ஒட்டிக்கிடந்து, காரம் ஊற்றினால் மட்டும் இளகுகிறவன் 'பிடிபட்டவன்'. சுண்ணாம்போடு இருப்பவனுக்கு அமிலம் வேண்டும். எதற்கும் அசையாமல் குழாயடியில் கிடக்கும் மிச்சத்தை நான் கொட்டப் போனால் கையைத் தட்டிவிடுவாய். "வரல்ல எண்டா இல்ல எண்டு அர்த்தமாடா? உள்ளுக்க இரிக்கான். இல்ல எண்டு மட்டும் எழுதிராத."

ஷெல்லடி சற்று ஓய்ந்த ஒரு நாள், மண் எடுத்துக்கொண்டு வாவியைக் கடந்து வந்தோம். துறையடிச் சோதனைச்சாவடியில் பையைப் பிரித்த சிப்பாய், இது எதற்கு என்று கேட்டான். மண் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாமே, பாவி! "பொஸ்பரஸ் பார்க்க" என்றாய். அவனுக்குத் தெரிந்த பொஸ்பரஸ் குண்டில் இருப்பது. உன்னை உள்ளே கூட்டிப்போனார்கள். "ஒண்டுமில்லடா, நீ போ, நான் வாறன்" என்று சிரித்தாய். அதுதான் கடைசி.

உன் அம்மாவோடு முகாம் முகாமாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வாசலிலும் அவ சொன்னது ஒன்றுதான்: "என்ட பிள்ள மண் அள்ளத்தானே போனவன்." எங்கேயிருந்தும் நீ வெளியே வரவில்லை.

யுத்தம் முடிந்தபின் உனக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி அரசாங்க ஆட்கள் வந்தார்கள். அம்மா என்னைப் பார்த்தா. "நீ என்ன சொல்றாய் மனே?" உன் பேச்சைத் தவிர எனக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை. "இல்ல எண்டு எழுதாதீங்கம்மா." அவ எழுதவில்லை. அப்படியே காத்திருந்து போய்ச் சேர்ந்தா.

இனி உன்னைத் தேட நான் ஒருவன்தான். நீ இல்லை என்று மனதுக்குத் தெரியும் மச்சான், கை கேட்கமாட்டேன் என்கிறது. மற்றவர்கள் மண் அறிக்கையின் கடைசி வரியில், குழாயடி மிச்சத்துக்கு நேரே 'இல்லை' என்று போடும் இடத்தில், இன்றும் 'இன்னும் வரவில்லை' என்றுதான் எழுதினேன்.