தரையில் இறக்கிய அம்மா

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
26 ஜூலை 1953

அன்புள்ள அண்ணாவுக்கு மங்கலத்தின் நமஸ்காரம். டெல்லியில் நீயும் மன்னியும் குழந்தைகளும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று பழக்கத்தில் பேனா ஓடப் பார்த்தது. நிறுத்திவிட்டேன்.

அம்மா இருக்கிறாள். இன்னும் தரையில்தான் இருக்கிறாள்.

நாடி விழுந்துவிட்டது என்று அன்று டாக்டர் சொன்னதும் சித்தப்பா அவளைக் கட்டிலிலிருந்து இறக்கித் தர்ப்பையில் கிடத்தினார். காசிச் சொம்பின் மூடியை உடைத்து வாயில் கங்கை ஜலம் வார்த்தோம். நீ ரயிலில் வந்து சேர்ந்த காலையில் அவள் கண்ணைத் திறந்து காப்பி கேட்டாள். எமன் விலாசம் தப்பி அடுத்த தெருவுக்குப் போயிருப்பான் என்று அவளே சொல்ல, எல்லோரும் சிரித்தோம். லீவு முடிந்து நீ புறப்பட்டாய். கட்டிலைப் பற்றி அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது கர்க்கடக மாச மழை. சிமெண்ட் தரையில் ஈரம் ஊறுகிறது. பாய்க்குக் கீழே ஜமக்காளத்தை மடித்துப் போட்டால் அதுவும் நனைந்துவிடுகிறது. முதுகில் புண் வந்திருக்கிறது. துடைக்கும்போது அவள் சத்தம் போடுவதில்லை. என் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். நேற்று மட்டும் கேட்டாள்: "சாகலைங்கறதுக்குத் தண்டனையாடி இது?"

சித்தப்பாவிடம் கெஞ்சினேன். இறக்கினவளை மறுபடி ஏற்றி, கட்டிலிலேயே பிராணன் போனால் அந்த தோஷம் யாரைச் சேரும் என்கிறார். வைதீக வாத்தியாரைக் கேட்டேன். அதற்குப் பிராயச்சித்தம் உண்டு, பிள்ளை சொன்னால் ஏற்றலாம் என்றார். சித்தப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். பெண் சொன்னால் போதாதா என்றதற்கு, நீ போய்க் காலேஜில் பாடம் சொல்லு என்று எழுந்து போய்விட்டார்.

ஒருத்தியாகவே தூக்கிப் பார்த்தேன். பாதியில் கை நழுவிற்று. அவள் வலியில் துடித்தபோது, நல்லவேளை முடியவில்லை என்று எனக்குள் ஏதோ ஒன்று ஆசுவாசப்பட்டது. படித்தவள் என்று பெயர். அந்த தோஷ பயம் எனக்கும் இருக்கிறது.

காலேஜிலிருந்து திரும்பும்போது, நம் வாசலில் கூட்டம் நிற்கிறதா என்று தெருமுனையிலிருந்தே பார்க்கிறேன். இல்லை என்றதும் எனக்கு வருவது சந்தோஷம் அல்ல, அண்ணா. இதற்குமேல் எழுத மாட்டேன்.

உன்னை மறுபடி வரச் சொல்லவில்லை. லீவு கிடைக்காது என்று தெரியும். சித்தப்பா பேருக்கு ஒரு தந்தி கொடு. அம்மாவைக் கட்டிலில் படுக்க வையுங்கள் என்று மட்டும் இருந்தால் போதும். தோஷம் என்று ஒன்று இருந்தால் என்னைச் சேரட்டும் என்று பகவானிடம் சொல்லிவிட்டேன். ஆனால் என் சொல்லுக்கு அவளைத் தூக்க இந்த வீட்டில் கை இல்லை.

மன்னிக்கு என் அன்பு. பத்மநாபன் உங்களைக் காக்கட்டும். அம்மா இருக்கும்போதே தந்தி வரட்டும்.

இப்படிக்கு,
மங்கலம்