அப்பா காப்பாற்றியவர் வந்திருந்தார்

என் கண்ணே,

உடம்பு எப்படி இருக்கிறது? அப்பாவின் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால், வாசலில் அந்த வெல்டர். ஆலைத் தீயில் அப்பா வெளியே இழுத்துப் போட்டாரே, அவர்தான். கையில் பச்சைக் குழந்தை.

"நான் உயிரோட இருக்கிறது உங்களுக்கு வலிக்கலையாக்கா?" என்றார்.

"வலிச்சுது தம்பி." பொய் சொல்ல வாய் வரவில்லை.

குழந்தையை என் மடியில் வைத்தார். அப்பா அன்று திரும்ப உள்ளே போகாதிருந்தால், இது தகப்பனில்லாமல் பிறந்திருக்கும். இயேசு நமக்காக உயிரைக் கொடுத்தார் என்று எத்தனை வருடமாகப் பாடியிருப்பேன்! மகனைக் கொடுத்த பிதாவுக்கு எப்படி வலித்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் கல்லறை அந்த மகனைப் பிடித்து வைக்கவில்லையே. அவரை எழுப்பியவர் உன் அப்பாவையும் எழுப்புவார்.

"அண்ணன் கொடுத்த உயிரு தம்பி, நல்லா வாழுங்க" என்றேன். இருவரும் அழுதோம்; குழந்தை தூங்கிவிட்டது.

"கடவுள் ஏன் அப்பாவைக் காப்பாற்றவில்லை?" என்று நீ கோபித்துக்கொண்டு போனபோது கேட்ட கேள்விக்கு இப்போதும் எனக்கு முழுப் பதில் தெரியாது. அப்பாவைப் பார்க்கக் காத்திருக்கத்தான் வேண்டும். உன்னைப் பார்க்க ஒரு பஸ் போதுமே, தங்கம்.

வழிமேல் விழி வைத்திருக்கும்
அம்மா