துறையில் இறங்கி வலப்பக்கம்

செப்ரெம்பர் 8, திங்கள்

அனலைதீவுக்குப் போகும் தண்ணீர்த் தாங்கிகளை சிறுதெருவுக்கு ஒன்றாக, ஒழுங்கை வாரியாகப் பிரித்துத் தரச் சொன்னார் எங்கள் நிவாரண அலுவலக மேலாளர் வசீகரன் அண்ணை. வியாழக்கிழமை ஊர்காவற்றுறையில் படகில் ஏற்ற வேண்டுமாம். வீட்டு விபரமெல்லாம் கணினியில் இருக்கிறது. ஆனால் வீடு இருக்கும் இடத்தை பந்தியாக எழுதும் நீண்ட குறிப்புக் களமாகப் பதிந்திருக்கிறோம். அந்த வகைக் களத்தை வைத்துக் குழு பிரிக்க முடியாது என்று தரவுத்தளம் ஒரே பிடியாக நிற்கிறது. எத்தனை தரம் ஓட்டினாலும் பிழை என்று அதே சிவப்பு வரி. பின்னேரம் முழுக்கக் கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை.

செப்ரெம்பர் 9, செவ்வாய்

வழி கண்டுவிட்டேன். குறிப்பின் தொடக்கத்தை மட்டும் வெட்டியெடுத்து, சிறிய எழுத்துக் களமாக மாற்றி, அதை வைத்துப் பிரித்தேன். உடனே ஓடியது. "கெட்டிக்காரி" என்று சொல்லி அண்ணை முடிவைத் தீவுக்கு அனுப்பியும் விட்டார். பிறகு ஏன் எனக்கு நிம்மதி இல்லை?

செப்ரெம்பர் 10, புதன்

பெரியம்மாவின் மகள் ஜசிந்தா அக்கா அனலைதீவிலிருந்து அழைத்தாள். வெயிலில் வீடு வீடாகப் போய் விபரம் எடுத்துத் தந்தவளே அவள்தான். "எங்கட ஒழுங்கைக்குத் தாங்கி இல்லையாமே? நான் எழுதித் தந்தனான் எல்லே? சனம் என்னைத்தான் கேக்குது."

திறந்து பார்த்தேன். தீவில் யாரும் வீட்டு இலக்கம் சொல்வதில்லை, படகுத் துறையிலிருந்து வழி சொல்வார்கள். அக்காவும் அப்படியே எழுதியிருக்கிறாள்: "துறையில இறங்கி வலப்பக்கம் திரும்பி, அந்தோனியார் சிலைச் சுருவம் தாண்டி…" ஒழுங்கையின் பெயர் கடைசியில்தான் வருகிறது. நான் வெட்டி எறிந்தது அதைத்தான். வலப்பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் ஒன்றாகி, ஒரே ஒரு தாங்கி.

அண்ணையிட்டச் சொல்லவேணும். சொன்னால் என்ன நினைப்பார்? — எனக்கென்ன விசரே? அங்க அவள் குடத்தோட நிக்கிறாள், நான் என்ர பேரைப் பற்றி யோசிக்கிறன்.

செப்ரெம்பர் 11, வியாழன்

காலையிலேயே சொன்னேன். அண்ணை பட்டியலைத் திறந்து பார்த்தார். பிறகு, "படகை நான் மறிக்கிறன். நீர் மத்தியானத்துக்குள்ள திருத்தித் தாரும்" என்றார்.

வெட்டுவதை விட்டேன். பக்கத்தில் புதிதாக ஒரு சிறு களம் சேர்த்து, ஒவ்வொரு குறிப்பையும் வாசித்து, ஒழுங்கையின் பெயரை அதில் இட்டேன். சந்தேகம் வந்தபோதெல்லாம் அக்காவுக்கு அழைப்பு. "ஓம், அது எங்கட பக்கந்தான்." அந்தக் களத்தை வைத்துப் பிரித்தபோது ஒழுங்கைகள் தனித்தனியே வந்தன. மேலதிகமாக வைத்திருந்த தாங்கிகளையும் அண்ணை சேர்த்துக்கொண்டார்.

செப்ரெம்பர் 12, வெள்ளி

காற்று. படகு போகவில்லை.

செப்ரெம்பர் 15, திங்கள்

நயினாதீவு விபரம் வந்திருக்கிறது. முதல் குறிப்பே "துறையில இறங்கி…" கடைசிவரை வாசித்தேன்.

அக்காவை நான்தான் அழைத்தேன். பின்னால் ஒரே இரைச்சல். சனிக்கிழமை படகில் தாங்கியும் வந்து, தண்ணீர் நிரப்பும் பவுசர் வண்டியும் வந்துபோனதாம்.

"சனம் இப்ப என்ன கேக்குது?"

"ஒண்டும் கேக்கேல்லை. வாளியோட நிக்குதுகள். எனக்கும் முறை வருது, போனை வை."