சரிக்குச் சரி ஆள்

1934, ஜனவரி 9. பில்சன்

ஆடுகளத்துப் பனி இளகிவிட்டது, பையன்களுக்குப் பயிற்சி இல்லை. மாமனாரின் கறிக்கடையில் நாள் முழுக்க சாசேஜ் கட்டினேன். "மாப்ள, ஒலிம்பிக்ல ஐஸ் ஹாக்கி ஆடின கைங்கிறாங்க, ஒரு முடிச்சு ஒழுங்கா விழலையே!" என்றார். இந்தப் பருவமும் தோற்றால் ஹாக்கி சங்கம் என்னைப் பயிற்சியாளர் வேலையிலிருந்து கழற்றிவிடும். பிறகு ஆயுளுக்கும் இந்தக் கடைதான்.

ஜனவரி 14

தோற்றோம். என்னால்.

எதிரணிக்காரன் ஒருவனுக்கு முழங்காலில் அடி. தூக்கிப் போனார்கள். உடனே என் கை தானாக எழுந்து எங்கள் லுபோரை வெளியே கூப்பிட்டது. 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஆடியபோது அதுதான் முறை: அவர்களில் ஒருவன் அடிபட்டுப் போனால் நாமும் ஒருவனைக் குறைப்போம். அது ஒழிந்து எவ்வளவு காலம்! எனக்குத் தெரியாதா? பையன்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தானே! அவர்கள் மாற்று ஆளை இறக்கினார்கள். லுபோரை நான் திருப்பி அனுப்புவதற்குள் கோல். சீ!

ஜனவரி 15

பத்திரிகையில் என் பெயர். 'பெருந்தன்மை'யாம்! சங்கத் தலைவர் ஹவ்ரானெக் கை குலுக்கினார். "ஊரே உங்களைப் பத்தித்தான் பேசுது. ஆனா அடுத்ததுல ஜெயிச்சே ஆகணும், சொல்லிட்டேன்."

மனைவி பொஜெனாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "மறந்துட்டேன்னு வெளியில மூச்சு விட்டுடாதீங்க!"

ஜனவரி 20

மூச்சு விடவில்லை. பையன்கள் முன்னைவிட மரியாதையாகப் பார்க்கிறார்கள். கூசுகிறது.

ஜனவரி 28

கடைசி நிமிடங்கள்வரை சமநிலை. எதிரணிக்காரன் ஒருவன் ஆடுகளத்து ஓரப் பலகையில் மோதித் தோள் பிசகி வெளியே போனான். நான் கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன் — சத்தியமாக! லுபோர் தானாகவே சறுக்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னடா?"

"நீங்க கூப்பிட்டாத்தான் வரணுமா, மாஸ்டர்? அவங்களுக்கு ஒரு ஆள் போயிட்டானே."

அவர்கள் மாற்று ஆளை இறக்கிவிட்டார்கள். 'உள்ளே போ' என்று ஒரு வார்த்தை போதும், என் வேலை பிழைக்கும். தொண்டைவரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன்.

"சரி, உக்காரு" என்றேன்.

ஒரு கோலில் தோற்றோம்.

ஜனவரி 30

சங்கம் வேறு ஆளை வைத்துவிட்டது. சாயங்காலம் லுபோர் கடைக்கு வந்து, வாசலிலேயே நின்றான். "நான் செஞ்சது தப்பா, மாஸ்டர்?"

"இல்லடா" என்றேன். இது மட்டும் பொய்யில்லை.