கோயிலுக்குப் போனதாகச் சொன்னேன்

அக்கா,

இன்று காலை பட்டறையிலிருந்து ஒரு புது லாரியை வெளியே எடுத்தார்கள். பூசணி உடைத்து, சூடம் காட்டி, முன் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி நகர்ந்ததும் பழம் நசுங்கிய வாசனை ஆபீஸ் ஜன்னல் வழியாக என் மேசைக்கு வந்துவிட்டது. எழுந்து பின்பக்கம் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஒடம்புக்கு ஆகலயா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, வெயிலுங்க" என்றேன். காலை எட்டு மணிக்கு என்ன வெயில்? பொய் எனக்கு இன்னமும் தண்ணீர் பட்ட பாடாகத்தான் வருகிறது. இருவரும் சேர்ந்து ஆறு வருஷம் பழகிய பழக்கம் அல்லவா.

உங்கள் பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த என்னிடம் முதன்முதலில் நீங்கள் காட்டிய வித்தையே அதுதான். வாசற்படியில் கிடந்த ஒரு வெள்ளைக் கல்லை ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியின் மேல் நாலு சொட்டுப் பிழிந்தீர்கள். பொசுபொசுவென்று நுரை வந்தது. "கல்லு பேசுது பாரு அம்மணி. பேசுனா சுண்ணாம்புக்கல்லு, பேசலீன்னா சும்மா கல்லு" என்றீர்கள். சுண்ணாம்புக் காளவாயில் கல் வேக வைத்தவருடைய மகள் நீங்கள். சங்ககிரியைச் சுற்றியுள்ள வெள்ளைக் கரடுகளை ஊரில் எல்லோரும் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் தூங்கிப் போவார்கள். அவற்றின் மேல் ஏறினால் என்ன தெரியும் என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். சேர்ந்துகொண்ட இரண்டாவது ஆள் நான்.

முதல் தடவை உண்மையைச் சொல்லித்தான் கேட்டோம். வெண்ணந்தூர்ப் பக்கம் அலவாய்மலைக்கு ஏறிவிட்டு வருகிறோம் என்று நீங்கள் சொன்னதற்கு, உங்கள் வீட்டில் மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பொம்பளைங்க ரெண்டு பேரு கரடு ஏறி என்ன பண்ணப் போறீங்க? ஊட்டுல வேலையில்லயா?" என்றார். என் வீட்டிலும் அதே பாட்டுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குளித்து, பட்டையாக விபூதி பூசி, தேங்காய் பழக் கூடையோடு என் வாசலில் வந்து நின்றீர்கள். "திருச்செங்கோட்டு மலைக்குப் போயிட்டு வந்தர்றோமுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னீர்கள். அவர் பஸ்ஸுக்குச் சில்லறையும் கொடுத்து அனுப்பினார்.

அன்று தொடங்கியது. ஊரார் கணக்கில் நம்மைப்போல் பக்தி உள்ளவர்கள் கிடையாது. கொல்லிமலையில் பனி விலகும்வரை வியூ பாயிண்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஏற்காட்டுக் கரடிக் குகையில் நீங்கள் மாட்டிக்கொள்ள, நான் உங்கள் காலைப் பிடித்து இழுத்தேன். போதமலையில் சந்தைக்கு மூட்டை சுமந்து இறங்கியவர்கள் நம் கூடையைப் பார்த்துவிட்டு, எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார்கள். எங்கே போனாலும் உச்சியில் தேங்காயை உடைப்போம். ஒரு மூடியை அங்கேயே தின்றுவிட்டு மறு மூடியைப் பிரசாதம் என்று வீட்டுக்குக் கொண்டுவருவோம். விபூதிக்கு நீங்கள் வைத்திருந்த ஏற்பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிடுகிறது. கடையில் மொத்தமாக வாங்கிய பெரிய பொட்டலம் ஒன்று தையல் மெஷின் டிராயரில் இருக்கும். வாரா வாரம் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் காகிதத்தில் மடித்து, வீட்டில் எல்லோர் நெற்றியிலும் பூசிவிடுவீர்கள். "பொய்யாயிருந்தா என்ன சாமி, பூசறது நல்ல மனசோடதான" என்பீர்கள்.

தேவூர்ப் பக்கத்துக் கரட்டுக்குப் பேரில்லை. வெள்ளாடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைத் தவிர அங்கே யாரும் வருவதில்லை என்பதால், வெள்ளாட்டுக் கரடு என்று பேர் வைத்தீர்கள். பஸ்ஸைவிட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் சங்ககிரிக் கோட்டை மலை, நடுவில் கல் வெட்டி எடுத்த வெள்ளைப் பள்ளங்கள். போன வருஷம் பொங்கலுக்குப் பிறகு, உச்சிக்குக் கீழே புதர் மூடிக் கிடந்த குகையைக் கண்டுபிடித்தோம். வாசலில் நிமிர்ந்து நிற்கலாம். பத்தடி உள்ளே போனால் தவழத்தான் வேண்டும். தவழும் இடத்தில் முகத்தில் காற்று அடித்தது. நீங்கள் தீக்குச்சியைக் கொளுத்திப் பார்த்தீர்கள். சுடர் நம் பக்கம் சாய்ந்தது. "அந்தப் பக்கம் ஒரு வாசல் இருக்குது. எங்கயோ தொறக்குது" என்றீர்கள். உங்கள் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இறங்கும்போது வழக்கமான சத்தியத்தை மறுபடி வாங்கினீர்கள். யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும் கோயில்தான். "நான் செத்துப் போனாலும் கோயிலுக்குத்தான் போனாங்கன்னு சொல்லோணும், ஆமா" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

குகையைக் கண்ட மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் ஒரு வண்டி டெலிவரி, நல்ல நேரம் பார்த்துக் குறித்துவிட்டார்கள். என்னால் வர முடியவில்லை. காலை ஏழு மணிக்கு நீங்கள் போன் செய்தீர்கள்.

"நான் மட்டும் போயி அந்தப் பக்கம் வெளிச்சம் வருதான்னு பாத்துட்டு வந்தர்றேன்."

"அடுத்த வாரம் ரெண்டு பேருமாப் போலாமுங்கக்கா."

"அடுத்த வாரம் பாப்பாவைப் பொண்ணு பாக்க வாராங்க. அப்பறம் ஒரு மாசத்துக்கு ஊட்டை விட்டு நவுர முடியாது. மத்தியானத்துக்குள்ள வந்துருவேன் சாமி."

இன்னும் ஒரு தடவை சொல்லியிருந்தால் நின்றிருப்பீர்களோ என்னவோ. வெளியே சூடம் ஏற்றிவிட்டார்கள், என்னைக் கூப்பிட்டார்கள். சரிங்கக்கா, பார்த்துப் போங்க என்று வைத்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு உங்கள் மகள் அழைத்தாள். "சித்தி, அம்மாவுக்குப் போன் போகவே மாட்டீங்குது. உங்ககூட இருக்காங்களா?" நான் யோசிக்கக்கூட இல்லை. "இன்னிக்கு நான் போகலடா. திருச்செங்கோட்டு மலைக்குத்தான் போயிருக்காங்க. கூட்டமா இருக்கும்" என்றேன். நான்கு மணிக்கு மாமா, திருச்செங்கோட்டுப் படிக்கட்டு அடிவாரத்திலிருந்தே பேசினார். "இங்க காணமே அம்மணி." அப்போதாவது சொல்லியிருக்கலாம். "மேல அன்னதானத்துல உக்காந்திருப்பாங்க மாமா, ஏறிப் பாருங்க" என்றேன். மூட்டுவலிக்காரர். அத்தனை படியும் ஏறினார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த ஒரு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உங்களிடமும் பொய் சொன்னால் நான் எங்கே போவேன்? உண்மை தெரிந்தால் இனி ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்று பயந்தேன். அவ்வளவுதான் அக்கா. நீங்கள் எப்படியும் வந்துவிடுவீர்கள், வந்ததும் ஏன்டி காட்டிக்கொடுத்தாய் என்று திட்டுவீர்கள் என்று நினைத்தேன். ஐந்தரை மணிக்கு மாமா மறுபடி அழைத்தபோது அவர் குரல் அழுகிற குரலாக இருந்தது. அப்போதுதான் சொன்னேன்.

அதிலும் முழு உண்மை வரவில்லை. "தேவூர்ப் பக்கம் ஒரு கரட்டுக் குகையில சாமி இருக்குதுன்னு ஒருக்காச் சொன்னாங்க மாமா. அங்க போயிருப்பாங்களோ என்னமோ" என்றேன். வண்டி எடுத்துக்கொண்டு போனோம். வழி காட்டியது நான். இருட்டிய பிறகுதான் குகை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்திருந்தீர்கள். அடிவாரத்திலிருந்து கூட வந்த ஆடு மேய்க்கும் பெரியவர் டார்ச்சோடு முன்னால் தவழ்ந்தார், பின்னால் நான். தவழும் பாதை முடிகிற இடத்தில் தொட்டி மாதிரி இறங்கிய ஒரு குழி. அதில் சரிந்து, இரண்டு கல்லுக்கு நடுவில் கால் சிக்கி, தலையில் அடிபட்டு ரத்தம் உறைந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். தொட்டேன். கை சில்லிட்டிருந்தது.

விழுந்த உடனே உயிர் போயிருக்கும் என்றார் பெரியவர். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் உங்கள் மடியில் இருந்த தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது, மூடியும் இறுக்கி மூடியிருந்தது. பக்கத்தில் எலுமிச்சம்பழம். இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியும் சக்கையாகச் சப்பி, தோலில்கூடப் பல் பதிந்திருந்தது. தண்ணீர் தீர்ந்த பிறகு அதைத்தான் தின்றிருக்கிறீர்கள். நீங்கள் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மணிக்கு இருந்தீர்களா, நான்கு மணிக்கும் இருந்தீர்களா? உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் அந்த இடம் தெரியும். அவள் வருவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். பெரியவர் ஆள் கூப்பிட வெளியே தவழ்ந்த நேரத்தில் அந்தத் தோல் இரண்டையும் எடுத்து என் முந்தானையில் முடிந்துகொண்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்து என்ன எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை.

நீங்கள் சாமியைத் தேடிப் போனீர்கள் என்று வீட்டில் நம்பிவிட்டார்கள் அக்கா. மூன்றாம் மாதம் மாமா அந்தக் குகை வாசலில் ஒரு வேல் நட்டார். இப்போது அமாவாசைக்கு அமாவாசை அக்கம்பக்கத்துக்காரர்கள் விளக்குப் போடுகிறார்கள், வேண்டுதல் வைக்கிறார்கள். புதர் வெட்டிப் பாதைகூடப் போட்டாயிற்று. குழிக்குப் போகும் வழியைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் எங்கே திறக்கிறது என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் சொன்ன பொய்க்கு மணி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு அந்த இடம் தட்டிப்போய், வேறு இடம் அமைந்துவிட்டது. போன அமாவாசைக்கு வந்தவள் நெற்றியில் கீற்றாக விபூதி. "அம்மா கொண்டாந்த திருச்செங்கோட்டு விபூதி டிராயர்ல ஒரு பொட்டலம் இருந்துதுங்க சித்தி. தெனமும் அதான் பூசறேன். தீந்து போயிருமோன்னு தொட்டுத் தொட்டு வெக்கிறேன்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் அன்னிக்கு ஞாபகம் வந்து சொல்லலீன்னா, அம்மாவைக் கண்டே புடிச்சிருக்க மாட்டோமுங்க சித்தி" என்றாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் இதைச் சொல்கிறாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் நான் தலையை ஆட்டுகிறேன். அந்தத் தோல் இரண்டும் காய்ந்து கறுத்து என் பர்ஸில், பஸ் டிக்கெட்டுகளுக்கு அடியில் கிடக்கின்றன. அவள் நன்றி சொல்லும்போதெல்லாம் பர்ஸைக் கை தானாகப் பொத்திக்கொள்கிறது.

போன அமாவாசையன்று மாமா வேலின் நுனியில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் குத்தினார். சாறு வேல்கம்பி வழியாக வழிந்து கீழே சொட்டியது. வேல் நடுவதற்காகக் கொத்திய இடத்தில் கல் இன்னும் பொடியாகத்தான் கிடக்கிறது. அதில் பொசுபொசுவென்று நுரைத்தது. எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பார்த்தேன். உங்கள் கல் பேசியது அக்கா. பக்கத்தில் உங்கள் மகள் நின்றிருந்தாள், நான் வாயைத் திறக்கவில்லை.