மாடுகளுக்கான இளஞ்சிவப்பு அப்பம்

வோலா கிராமம்
திருவருகைக் காலம், இரண்டாம் வாரம்

அன்புள்ள லெஷெக் அவர்களுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குத் தோத்திரம். நானும் பிள்ளைகளும் சுகம். நார்வேயில் நீங்கள் சுகமாக இருப்பதைத்தான் தினமும் போனில் பார்க்கிறோமே. முகம் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறது. மீன் வெட்டும் வேலையில் இப்படிச் சதை போடும் என்று எனக்குத் தெரியாது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் ஜெபம் மட்டும்தான் சொல்வீர்கள். ஜெபம் முடிந்து நான் வாயைத் திறந்தால் உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கிறிஸ்துமஸ் இரவில் உடைத்துப் பகிர்கிற மெல்லிய அப்பத்தையும் தூரத்தில் இருப்பவர்களுக்குத் தபாலில்தானே அனுப்ப வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. போன ஞாயிறு பூசையில் பங்குச்சாமி உங்களைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். கடல் தாண்டிப் போயும் ஒரு நாள் தவறாமல் குடும்ப ஜெபமாலையை நடத்தும் தகப்பன் நம் பங்கில் இருக்கிறார், மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தும் டிவி முன்னால் கிடக்கிறார்கள் என்றார். பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் என் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு லுட்கா, "நீ குடுத்து வெச்சவடி ஹலீனா. எங்க ஆளு சிலுவை போடக்கூட கையத் தூக்க மாட்டாரு" என்றாள். நம் வாசலில் விழும் பனியை அள்ளிப் போடுவது அந்தக் கைதான். பிரசங்கத்தில் அது வரவில்லை.

சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து மாதா படத்துக்குக் கீழே வைக்கிறேன். நீங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு, விட்டெக் முழங்காலில் நேராக நிற்கவில்லை என்று அதட்டுகிறீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை. கடவுளும் நீங்களும் அந்தப் போனுக்குள் ஒன்றாக இருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். சார்ஜ் தீர்ந்தால் ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போகிறான். இதுதான் நீங்கள் வளர்த்த விசுவாசம்.

இப்போது கிங்கா விஷயம். மே மாதம் அவளுக்கு முதல் நற்கருணை. அதற்கு முன்னால் பங்குச்சாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று சிஸ்டர் இப்போதே மனசாட்சியைச் சோதிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். புதன்கிழமை நான் பால் கறக்கும்போது தொழுவத்துக்கு வந்து நின்றாள். ஜெபத்தின்போது வேறு எங்காவது பார்த்தால் பாவமா என்று கேட்டாள். சின்னப் பாவம்தான் என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா 'அருள் நிறைந்த மரியே' சொல்லிட்டு இருந்தப்போ ஒரு கை வந்து டீ வெச்சுதும்மா. நகத்துல பச்சை கலர். அப்பா தலைய ஆட்டுனாரு, ஆனா ஜெபத்த நிறுத்தல. அப்புறம் தினமும் அந்தக் கை வருமான்னுதான் நான் பாத்துட்டே இருக்கேன். ஜெபமே பண்ணல. அதச் சாமிகிட்ட சொல்லணுமா?"

எனக்கு அந்தக் கை புதிதல்ல. இலையுதிர் காலத்திலேயே உங்கள் முதுகுக்குப் பின்னால் பூப்போட்ட ஜன்னல் திரை முளைத்ததைப் பார்த்துவிட்டேன். நீங்கள் திரை வாங்கித் தைக்கிற ஆளா? மறைக்கக்கூடத் துப்பில்லாத மனிதனுக்காகப் பொய் சொல்வது எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் கிங்கா உங்கள் பாவத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு தினமும் முழங்காலில் நிற்கிறாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. பார்த்தது பாவமில்லை, அதைச் சொல்ல வேண்டியவர் வேறு ஒருவர் என்றேன். அப்பாவா என்று கேட்டாள். நான் பால் வாளியை நகர்த்தி வைத்தேன்.

நேற்று கோயில் ஆர்கன் வாசிப்பவர் அப்பங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். வழக்கம்போல நமக்கு வெள்ளை, மாடுகளுக்கு இளஞ்சிவப்பு. உங்கள் உறையில் நான் இளஞ்சிவப்பைத்தான் வைத்தேன். ஆண்டவர் பிறந்த இரவில் தொழுவத்துக்கும் பங்கு உண்டு, உங்களுக்கு அந்தப் பங்கு போதும் என்று நினைத்தேன். பசுக்களிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

கிங்கா பார்த்துவிட்டாள். நான் கண்ணாடி போடாமல் மாற்றி எடுத்துவிட்டதாக நினைத்து அதை வெளியே எடுத்தாள். வெள்ளை அப்பத்தை இரண்டாக உடைத்து இரண்டு துண்டையும் உள்ளே வைத்தாள். எதற்கு இரண்டு என்றேன்.

"டீ குடுக்குறவங்களுக்கும்மா. அப்பத்த ஒருத்தரா உடைக்க முடியாதுல்ல? எதிர்ல ஆள் வேணும், மன்னிச்சிருன்னு சொல்லணும். அப்பா அங்க யாருகிட்ட சொல்வாரு?"

அவள் தூங்கப் போனதும் இரண்டாவது துண்டை வெளியே எடுத்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப உறைக்குள்ளேயே வைத்தேன். அந்தப் பெண்ணுக்காக இல்லை, உங்களுக்காகவும் இல்லை. கிங்கா வைத்ததை எடுத்து எரிக்க எனக்குக் கை வரவில்லை.

இன்றிலிருந்து போனில் ஜெபமாலை கிடையாது. நானே நடத்துகிறேன். அதில் இயேசு பாடுபட்டதைச் சொல்லும் துயர மறை உண்மைகள் எனக்கு மனப்பாடம். மற்றவற்றைக் கிங்கா சொல்லித் தருவாள்.

கிறிஸ்துமஸ் இரவில் எதிர்பாராத வழிப்போக்கனுக்கு ஒரு தட்டு வைப்போம். அதன் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு தட்டு வைக்கப்போவதாகப் பிள்ளை சொல்கிறாள். வாருங்கள். வந்து, அது யாருடைய பாவம் என்று உங்கள் வாயால் அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம். மே மாதம் அவள் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிடும்போது அவளிடம் அவளுடைய பாவம் மட்டும் இருக்கட்டும்.

இளஞ்சிவப்பு அப்பம் பசுக்களுக்கே போகிறது. அவை வீட்டில் இருக்கின்றன.

தேவமாதா உங்களைக் காப்பாளாக. இத்தனை நாள் நான் காத்தது போதும்.

இப்படிக்கு,
ஹலீனா