வாத்தியாரின் பத்து வட்டி

பசுவந்தனை
4-2-1979

கோவில்பட்டியில் கணக்குப் பாடம் நடத்தும் கொழுந்தனார் பூவனலிங்கத்துக்கு மதினி வெயிலுகந்தம்மாள் எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம்.

விளைச்சலில் உங்களுக்குப் பங்கு தந்து நான் வாரத்துக்கு உழுது வரும் உங்க பங்கு நாலு ஏக்கரைத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிக்கு அடமானம் வைத்து, வீடு கட்டப் பத்தாயிரம் வாங்கப் போறீங்களாமே. கூட்டுறவுச் சங்கத்தில் பன்னிரண்டு வட்டி, முதலாளியிடம் பத்துதான்னு சொன்னீங்களாம். சிரித்து எனக்கு விலா வலிக்குது.

வருசம் ரெண்டாயிரமாக அசலை அடைக்கணும். சங்கத்தில் அடைத்தது போக மீதிக்குத்தான் வட்டி. முதலாளிக்கோ அஞ்சு வருசமும் முழுப் பத்தாயிரத்துக்கு வட்டி. பத்து மாட்டை வாடகைக்குப் பிடித்து, எட்டை அவிழ்த்துக் கொடுத்த பிறகும் பத்துக்கும் வாடகை கொடுப்பீங்களா? விரல்விட்டு எண்ணினேன். சங்கத்துக்கு மொத்த வட்டி மூவாயிரத்து அறுநூறு, முதலாளிக்கு ஐயாயிரம். உங்ககிட்ட படிக்கிற பிள்ளைகள் பாவம்.

வெயிலுகந்தம்மாள்


கோவில்பட்டி
11-2-1979

மரியாதைக்குரிய மதினிக்கு,

மூன்றாம் வகுப்போடு நின்றவர் எனக்கு வட்டிக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பன்னிரண்டைவிடப் பத்து சிறியது. தவிர, சங்கத்தில் என்னை வராந்தாவில் நிற்கவைத்தார்கள். முதலாளி உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பத்திரம் நேற்றே பதிவாகிவிட்டது.

இப்படிக்கு,
சு. பூவனலிங்கம், பி.எஸ்ஸி., பி.டி.


பசுவந்தனை
18-2-1979

கொழுந்தனாருக்கு,

ஒரு காப்பிக்கு ஆயிரத்து நானூறு ரூபாய் கூடுதல்தான். சீனியாவது போட்டாரா?

மதினி


கோவில்பட்டி
9-3-1981

அன்புள்ள மதினிக்கு,

அசலில் நாலாயிரம் அடைத்துவிட்டேன். இந்த வருடமும் வட்டி ஆயிரம் என்கிறார்கள். "மிச்சம் ஆறாயிரந்தான அண்ணாச்சி?" என்றேன். "பத்திரத்த வாசிக்காமலா கையெழுத்துப் போட்டீரு வாத்தியாரே?" என்று கணக்குப்பிள்ளை சிரிக்கிறான்.

மகள் பிரசவத்தில் கை காலி. இந்த வருட வட்டித் தவணை தவறிவிட்டது. மிச்ச அசலும் வட்டியுமாக இந்த மாதத்துக்குள் ஏழாயிரம் கட்டாவிட்டால் நிலத்தைக் கிரயம் எழுதித் தரச் சொல்கிறார் முதலாளி. உங்களைத் தவிர நான் கேட்க ஆளில்லை.

பூவனலிங்கம்


பசுவந்தனை
20-3-1981

கொழுந்தனாருக்கு,

மிளகாய் வத்தல் விலை இந்த வருசம் கைகொடுத்தது. ஏழாயிரம் இருக்கு. ஆனால் கடனாகத் தர மாட்டேன். உங்களோடு வட்டிக் கணக்குப் பேச எனக்குத் தெம்பில்லை.

நிலத்தை எனக்கு ஒத்திக்கு எழுதிக் கொடுங்க. என் பணத்துக்கு வட்டி கிடையாது, உங்க நிலத்துக்கு வாரம் கிடையாது. விளைவது எல்லாம் எனக்கு. ஏழாயிரத்தை என்றைக்குக் கொண்டுவந்து வைக்கிறீங்களோ, அன்றைக்கு நிலம் உங்களுக்கு. இந்த வகையில் பெருக்கலும் வகுத்தலும் இல்லை, உங்க படிப்புக்குத் தோதுப்படும்.

திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துசேருங்க. பத்திரத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் வெயிலுமுத்து ரெண்டு தடவை சத்தமாக வாசிப்பான். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

வருசா வருசம் உங்க பங்குக்கு அனுப்பின வத்தலும் பருத்தியும் இனி வராது. குழம்புக்கு வத்தல் வேணும்னா சந்தையில் வாங்கிக்கோங்க. அங்கேயும் என் வத்தல்தான் கிடக்கும். சொந்தக்காரங்களுக்கு விலை குறைப்பதில்லை.

வெயிலுகந்தம்மாள்